டாக்டர் சாமிநாதையரவர்களும் செய்ந்நன்றிக் கடனும்

நம் சங்கத்துப் பிள்ளைகள் இந்நாளிலே குறிக்கோள் என்னுஞ் சொல்லை மிகுதியும் வழங்கக் கேட்கின்றோம். மம்சாபுரத்திலும் சூழவுள்ள ஊர்களிலும் இறுதி வகுப்புப் பயிலும் மாணவர் வீட்டுச் சுவர்களில், வைகறையில் இத்தனை மணிக்கு எழுதல், நாளொன்றுக்கு இத்தனை பக்கம் படித்தல், இத்தனை மதிப்பெண் பெறுதல் என்று எழுதிய தாள்கள் ஒட்டியிருத்தலைக் காணலாம். இது நன்றே. மலையடிவாரத்து மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பி உழுது வாழ்ந்த நம் முன்னோர்க்கு நாளை இன்னது செய்வேம் என்று வரையறுத்துக் கொள்ளும் வாய்ப்பு அரிதாயிருந்தது; அவர்தம் பேரர் அதனைப் பெற்றமைக்கு மகிழ்கின்றோம். ஆயினும் பெரியோர் சிலர் அத்தாள்களைக் கண்டு முகஞ் சுளிக்கின்றனர். ஓடுகின்ற ஓட்டத்தில் உதவினாரை இப்பிள்ளைகள் நினையார் என்பதும், உள்ளது கொண்டு அமையார் என்பதும் அவர் கூறுங் குறை. பிள்ளைகளோ, உள்ளதே போதும் என்பது சோம்பர் போர்த்துக்கொள்ளும் போர்வை என்கின்றனர்.

இவ்வழக்கிலே தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கு இல்லை. ஆயின், இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த ஒருவர் வாழ்க்கையை எடுத்துரைத்தல் தமிழாசிரியர்க்கு இயலும். உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் என்றால் அறியாதார் இலர். தமிழ்த் தாத்தா என்று பாடநூலில் படித்து மறந்தாரே பலர். அவர் நம் மரபினர் அல்லர். நம் சீமையினரும் அல்லர். நன்மக்கள் வரலாற்றுக்கு அத்தகைய வேலி இல்லை. அன்றியும், அவர் நம் பக்கத்து ஊரொன்றுக்கு வந்து நெஞ்சு நொந்து மீண்ட செய்தியும் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

ஐயரவர்கள் 1855 ஆம் ஆண்டு பிப்ரவரி 19 ஆம் நாள், தஞ்சைப் பகுதியிலே, தாயார் பிறந்த ஊராகிய சூரியமூலையிற் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். இராமாயணத்தைப் பாட்டும் உரையுமாகச் சொல்லி, ஊரார் மனமுவந்து அளிக்கும் நெல்லும் பணமும் கொண்டு குடும்பம் நடத்தியவர். நிலையான வருவாய் இன்மையின் நிலையான இல்லமும் இல்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் ஊராகக் குடும்பம் பெயர்ந்தது. ஒரு பெயர்ச்சிக்கேனும் ஊதியம் மாத்திரம் காரணமன்று. மைந்தனுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பார் எங்குளர் என்று கேட்டு அங்குச் சென்ற பெயர்ச்சிகளும் பல. அரியலூரிற் சடகோபையங்கார், கார்குடியிற் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒவ்வோரூரிலும் ஒருவர் கிடைத்தனர். அவருள் ஒருவரும் கூலி கேட்டிலர். இவர் வந்த வீட்டுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பிய மிராசுதாரும் குடியானவரும் எத்துணையோ பேர். இவர் பெயர்களை எண்பது வயது கடந்த பின்னும் ஐயர் மறந்திலர். இச்சிறு செய்தியை அன்பர்கள் உளத்திற் கொள்க. இனிவரும் வரலாறு முழுவதற்கும் இதுவே வேர்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராக 1871 ஆம் ஆண்டு மாயூரத்திலே சேர்ந்தார். அப்பொழுது வயது பதினாறு நிரம்பியவர். தந்தையார்க்கு மகன் இசையிலும் தேர்ச்சி பெறல் வேண்டும் என்னும் ஆசை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் மாயூரத்திலேயே இருந்தமையால் அவரிடமும் சில நாள் பாடம் நடந்தது. பிள்ளையவர்கள் அதனை விரும்பிலர் என்று தெரிந்தவுடன் இளைஞர் இசையை விட்டனர். ஒன்றைப் பெறுதற்கு மற்றொன்றை விடுதல் வேண்டும் என்பதனை இக்காலத்துப் பிள்ளைகளும் அறிவர். விட்டதனை இகழாமை அறிதலே அரிது. பிற்காலத்தில் ஐயரவர்கள் கோபாலகிருஷ்ண பாரதியார்க்கும், கனம் கிருஷ்ணையர்க்கும், மகா வைத்தியநாதையர்க்கும் தனித்தனியே சரித்திரம் எழுதினார். தாம் நடவாத வழிக்கும் அவர் கடன்பட்டவராகவே தம்மைக் கருதினார் போலும்.

பிள்ளையவர்கள் தலபுராணங்களாகவும் பிரபந்தங்களாகவும் பல்லாயிரம் செய்யுள் பாடியவர். ஆயினும் கைப்பொருள் நில்லாதவர். வந்தது மாணவர் உணவுக்கே செல்லும். சாதி சமயம் பாராமற் பாடஞ் சொல்லிய அவர் 1876 ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் உயிர்நீத்தார். அவ்வேளையில் அவரைத் தம் மார்பிலே சார்த்திக் கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர். பக்கலிலே திருவாசகம் ஓதியவர் சாமிநாதையர்.

அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதரித்து, மடத்திலேயே பாடஞ் சொல்ல வைத்தார். அப்பாற் கும்பகோணம் கல்லூரியிலே தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறுங்கால், பிள்ளையவர்கள் மாணவர் என்னும் உறவு கருதி, தம் இடத்துக்கு இவரே தக்கவர் என்று வற்புறுத்தி அமர்த்தினார். 1880 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஐயர் அவ்வுத்தியோகம் ஏற்றார். தேசிகர்க்குப் பிரிய மனமில்லை. ஆயினும் வாழ்த்தி விடுத்தார். இருபத்தைந்து வயதில் நல்ல வேலை, மதிப்பு, குடும்பத்துக்கு முதன்முதலாக மாதந்தோறும் தவறாத வருவாய். இவ்வளவோடு அமைந்திருப்பின் யாரும் குறை கூறார். அவர் பெயரும் இன்று யாருக்கும் தெரிந்திராது.

அவ்வாண்டு அக்டோபர் 21 ஆம் நாள் நிகழ்ந்ததை அவர் தம் வாழ்நாளெல்லாம் திருநாளாகக் கொண்டார். சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்தார். அவரைக் காண ஐயர் சென்றனர். யாரிடம் படித்தீர் என்று முதலியார் வினவ, பிள்ளையவர்களிடம் என்று இவர் பெருமிதத்தோடு விடையளித்தார். அப்பெயர் கேட்டும் முதலியார் முகம் மலர்ந்திலது. என்னென்ன படித்தீர் என்றார். அந்தாதிகள் இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, கோவை, உலா, புராணங்கள் இத்தனை என்று ஐயர் அடுக்கினார். அவற்றாற் பயனென்ன என்றார் முதலியார். இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் மணிமேகலை கண்டதுண்டா என்று கேட்டுச் சென்றார். கண்டதில்லை. மகாவித்துவானே பாடஞ் சொல்லாத நூல்கள் அவை.

அன்பர்களே, இவ்விடத்திற் சிறிது நிற்போம். ஒன்பதாண்டு உழைத்துப் பெற்ற கல்வியை ஒருவர் ஒரு நாழிகையிற் பயனில்லை என்று தள்ளினால் நம்மவர் செய்வது யாது? தமிழறியாத முன்சீபு என்று வெளியிற் சொல்லித் திரிவோம். எம் போன்ற பண்டிதர் ஒருபடி மேற்சென்று கண்டனமும் எழுதுவோம். ஐயர்க்கும் மனம் வருந்திற்று. ஆனால் ஏடு கொடுத்தாற் படித்துப் பார்க்கின்றேன் என்று கேட்டார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைத் தந்தார். ஐயரவர்கள் பின்னர் அறுபது ஆண்டு சுமந்த குறிக்கோள் அவர் தாமே அமர்ந்து வரைந்து கொண்டதன்று. பிறர் கையிலிருந்து, அதுவும் கசப்போடு கலந்து, வந்த கொடை. அதனைக் கொடையென்று உணர்ந்ததே அவர்தம் பேராற்றல் என்று யாம் துணிகின்றோம்.

பிரதி கையில் வந்ததே தவிர நூல் கைவசமாகவில்லை. ஏட்டுச் சுவடி என்பது இக்காலப் பிள்ளைகள் நினைப்பது போன்ற புத்தகமன்று. ஓலையில் எழுதுவோர் மெய்க்குப் புள்ளி வையார், துளை விழுந்து ஓலை கிழியும் என்று அஞ்சி. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் படிப்பவரே பொருள் நோக்கித் தெளிதல் வேண்டும். அடி பிரிப்பு இல்லை. மூலம் எது உரை எது என்ற பிரிவும் இல்லை. செல்லரித்த இடம் ஒருபுறம், பெயர்த்து எழுதினோர் பிழை ஒருபுறம். உரையாசிரியர் நச்சினார்க்கினியரோ, எந்நூல் என்று கூறாமலே பழைய அடிகளை எடுத்து ஆள்வார். அவ்வடிகள் எங்குள்ளன என்று தெரிந்தாலன்றி உரை விளங்காது. மேலும் சிந்தாமணி சைன நூல். சைவ மடத்திற் பயின்றவர்க்கு அச்சமயக் கொள்கையும் மரபும் புதியன. ஆதலின் ஐயர் கும்பகோணத்துச் சைனர் வீதிக்குச் சென்றார். அங்கே சந்திரநாத செட்டியார் முதலியோர் அந்நூலைப் புண்ணிய நூலாகப் போற்றிப் படித்து வருதலைக் கண்டு வியந்தார். கல்லூரிப் பண்டிதர் என்ற எண்ணத்தைப் புறத்தே வைத்து, அவர்பால் மாணவராக இருந்து ஐயம் தெளிந்தார்.

இடையில் ஒரு சோதனை வந்தது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள், ஐயர்க்கு முன்னரே பழந்தமிழ் நூல் பதிப்பில் இறங்கிய பெரியார்; தொல்காப்பியத்துக்கும் வீரசோழியத்துக்கும் அச்சுருத் தந்தவர். அவர் சிந்தாமணியைத் தாமே அச்சிட எண்ணி, ஐயர் தொகுத்தவற்றைத் தம்மிடம் அளிக்குமாறு வேண்டினார். வயதிலும் செல்வாக்கிலும் மூத்தவர்; தமிழுக்குத் தொண்டு செய்தவர். எளிமையும் பணிவும் உடையவர் எனில் தந்துவிடல் வேண்டும் அன்றோ? ஐயர் மிகத் தயங்கி, இறுதியில் மறுத்தார். சிலர் இதனைக் குறையாகவும் கூறுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. முதலியார் அளித்த பணியைப் பிறரிடம் இறக்கி வைத்தல் பணிவாகாது. தாமோதரம் பிள்ளையும் பகை கொண்டிலர். 1887 ஆம் ஆண்டிலே அவர் பதிப்பாகக் கலித்தொகையும், ஐயர் பதிப்பாகச் சீவகசிந்தாமணியும் வெளிவந்தன. ஒரே ஆண்டில் தமிழன்னைக்கு இரண்டு அணிகள்.

அப்பதிப்புக்காக ஐயர் பட்ட பாடு பெரிது. கல்லூரி நாட்களில் வகுப்பு. விடுமுறை வந்தாற் சென்னை அச்சுக்கூடம். வாங்குவோரிடம் முன்னரே கையொப்பம் பெற்று, கடனும் கொண்டு, காகிதம் வாங்கினார். பின்னர் வந்தவற்றை ஆண்டோடு கூறுவோம்: 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு, 1895 இல் புறப்பொருள் வெண்பாமாலை, 1898 இல் மணிமேகலை, 1903 இல் ஐங்குறுநூறு, 1904 இல் பதிற்றுப்பத்து, 1918 இல் பரிபாடல், 1924 இல் பெருங்கதை, 1937 இல் குறுந்தொகை. குறுந்தொகை வெளிவந்த போது வயது எண்பத்திரண்டு. பதிற்றுப்பத்துக்கும் பரிபாடலுக்கும் இடையே பதினான்கு ஆண்டு கிடப்பதைப் பிள்ளைகள் நோக்குக. அக்காலத்தில் அவர் வாளா இருந்திலர். வேறு நூல்கள் பல வெளிவந்தன. நிரம்பாத ஒன்றை நாள் குறித்ததற்காக வெளியிடும் வழக்கம் அவர்பால் இல்லை. ஒவ்வொரு பதிப்பிலும் நூலாசிரியர் வரலாறு, உரையாசிரியர் வரலாறு, அரும்பத அகராதி, ஒப்புமைப் பகுதி எல்லாம் இருக்கும். ஆசிரியத் தொழில் புரியும் எமக்கு அவ்வகராதிகளைக் காணுந்தோறும் வியப்பே. அட்டைத் துண்டும் கணிப்பொறியும் இன்றி, சொல் ஒவ்வொன்றையும் கையாற் பொறுக்கி அடுக்கிய வேலை அது.

குறிஞ்சிப்பாட்டிலே மலர்களின் பெயர் நிரலே வரும் பகுதியிற் சில பெயர்கள் பிரதிகளிற் சிதைந்திருந்தன. சில மலர்தானே, புள்ளியிட்டு விடுவோம் என்று அவர் விட்டிலர். தருமபுர மடத்துச் சுவடிகளை அவிழ்த்து அவிழ்த்துத் தேடி, அவை முழுமையாக உள்ள ஏட்டைக் கண்டார். ஆழ்வார்திருநகரியில் இலட்சுமண கவிராயர் வீட்டில் நாட்கணக்காகத் தேடியும் பத்துப்பாட்டு அகப்படவில்லை. மனஞ் சலித்திருந்த இரவில், உறவினர் இல்லத்திலிருந்து கவிராயரே ஒரு சுவடியைக் கொணர்ந்து கையில் வைத்தார். நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்தனர். தேடிய நூல் இருந்தது.

எல்லா ஊரும் ஆழ்வார்திருநகரி ஆகவில்லை. நம் இராசபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் செல்லுஞ் சாலையிலே கரிவலம்வந்தநல்லூர் என்னும் ஊரை நம்மவர் அறிவர். பால்வண்ணநாதர் கோயிலுக்குப் பங்குனியிலும் ஆவணியிலும் வண்டி கட்டிச் சென்ற கதைகளை வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பர். வரதுங்கராம பாண்டியர் தொகுத்து வைத்த சுவடிகள் அக்கோயிற் காரியத்தார் பொறுப்பில் உள்ளன என்று கேள்வியுற்று ஐயர் அவ்வூர்க்கு வந்தார். பழைய ஏடுகள் குப்பை கூளமாகக் கிடந்தன, அவற்றை என் செய்வதென்று தெரியாமல் ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டோம் என்று அங்கிருந்தோர் விடையிறுத்தனர். அவர் கொடியவர் அல்லர். பழுதான தெய்வப் பொருளுக்கு மரியாதை செய்ததாகவே எண்ணினர். எத்துணை நூல் அத்தீயில் சென்றனவோ, எவர் சொல்லவல்லார்! நம் எல்லைக்கு அருகே நிகழ்ந்தது என்பதனால், இதனைப் படிக்குந்தோறும் எமக்கு நெஞ்சு சுடும்.

இனி, நன்றியைப் பற்றிச் சிறிது விரிப்போம். தமிழிற் கடன் என்னுஞ் சொல் இரு பொருளுடையது. பிறரிடம் வாங்கித் திருப்ப வேண்டுவதும் கடன். ஒருவர் செய்தே ஆகவேண்டிய செயலும் கடன். கல்வெட்டுக்களிலே கடமை என்பது அரசர்க்கு இறுக்கும் வரி. நம் முன்னோர்க்குச் செய்யவேண்டுவதும் திருப்பவேண்டுவதும் ஒரே சொல்லாயிருந்தன. ஐயர் வாழ்க்கையும் அவ்வாறே. தம் குறிக்கோளைச் சாதனை என்று அவர் எண்ணியதாகத் தோன்றவில்லை. தீராத பாக்கி என்று எண்ணினார். ஆதலின் உழைப்பு ஒருபுறம் நன்றி ஒருபுறம் என்று பிரித்துத் துலாக்கோலில் நிறுக்கும் வேலை அவர்க்கு நேரவில்லை.

சான்று வேண்டுவோர் அவர்தம் முகவுரைகளைப் புரட்டுக. சுவடி தந்தவர் ஆதீனத் தலைவராயினும் சிற்றூர்க் கவிராயராயினும், ஒவ்வொருவர் பெயரும் ஊரும் அச்சேறியிருக்கும். 1903 ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி, திருவல்லிக்கேணியில் வாழ்ந்த தம் இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். செட்டியார் மறைந்தது 1888 இல். ஐம்பது ரூபாய் வேலையை வாங்கித் தந்தவர் பெயரை, அவர் போய்ப் பல்லாண்டு கழிந்த பின், மகாமகோபாத்தியாயர் ஒருவர் தம் வாயிலில் எழுதி வைத்தார். வீடு கட்டி இல்லத்தரசி பெயரும் பிள்ளைகள் பெயரும் சூட்டும் நம்மவர் இதனையும் நினைக்கலாம். அவ்வீடு 2012 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

மகாமகோபாத்தியாயப் பட்டம் 1906 இல் வந்தது. அப்பொழுது பாரதியார் வாழ்த்துப் பாடல் இயற்றினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932 இல் டாக்டர் பட்டம் அளித்தது. பட்டங்களால் வாழ்க்கை முறை மாறவில்லை. பிறர்க்காயின் நிலமும் நகையுமாகிச் சேர்ந்திருக்கும் பணம் அவர்பால் காகிதமும் அச்சுக்கூலியும் பயணச் செலவுமாயிற்று. எளிமைக்கென அவர் தனியே நோன்பு கிடந்திலர் என்பதே எம் கருத்து. தேடுவது ஒன்றேயாயின் ஏனையவை தாமே சுருங்கும். வீட்டில் உள்ளோர்க்கு இவ்வாழ்க்கை எத்துணைச் சுமையாயிருந்திருக்கும் என்பதையும் நினையாதிருத்தல் கூடாது. பெரியோர் வரலாறு எழுதுவோர் இதனை எழுதுவதில்லை.

தம் ஆசிரியர் மறைந்து ஐம்பத்தேழு ஆண்டு கழிந்த பின், 1933, 1934 ஆகிய ஆண்டுகளில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரு பாகமாக வெளியிட்டார். அதனை முடித்த பின்னரே தம் கதையைத் தொடங்கினார். ஆனந்த விகடனிலே 1940 ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் அது வெளிவந்தது. அந்நூலைப் படித்தோர் ஒரு புதுமை காண்பர். பதிப்பு வேந்தரின் தன்வரலாறு என்று கையில் எடுத்தால், பாதிக்கு மேல் புரட்டிய பின்னரே சேலம் இராமசுவாமி முதலியார் வருகின்றார். அதற்கு முன் உள்ளவை எல்லாம் நெல் தந்தவர், பாடஞ் சொன்னவர், வழியிற் சோறிட்டவர், ஏடு இரவல் தந்தவர் ஆகியோர் கதைகளே. இக்காலத்து எழுத்தாளராயின் முதலிலேயே சிந்தாமணியை நிறுத்தி, ஏனையோரை ஒரு பக்கத்திற் சுருக்கியிருப்பார்.

1942 ஆம் ஆண்டு, உலகப் போரிற் சப்பானியர் குண்டுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் வெளியூர்களுக்குப் பெயர்ந்தனர். எண்பத்தேழு வயதில் ஐயரும் திருக்கழுக்குன்றம் சென்றார். ஏப்ரல் 28 ஆம் நாள் அங்கே மறைந்தார். மறு ஆண்டில், அவர் திரட்டிய சுவடிகளையும் நூல்களையும் காக்க ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் அவர் பெயரிலேயே நூல்நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இன்று அது சென்னைப் பெசன்ட் நகரில் உள்ளது. நம்மவர் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதேனும் கிடப்பின் அங்கே காட்டலாம்.

தன்வரலாறு மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு நின்றுவிட்டது. பின்வந்த நாற்பதாண்டுச் செயல்கள், பட்டங்கள், பாராட்டுக்கள் ஒன்றும் அதில் இல. நன்றி கூறவேண்டியவர்களைக் கூறுதற்கே ஏடு போதவில்லை. எஞ்சியதைப் பிற்காலத்தில், 1928 முதல் உடனிருந்து கற்ற கி. வா. ஜகந்நாதன், என் ஆசிரியப்பிரான் என்று பெயரிட்டு எழுதினார்.